நினைவுப் பதக்கம்: முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்பவர்களிடம் போய்ப் பதக்கம் என்று கேட்டால், சிவப்புக்கல் பதித்து ஆரத்தின் நடுவில் தொங்கவிடும் ஒன்றை எடுத்து வைப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையனிடம் கேட்டால் ஓட்டப்பந்தயத்தில் வாங்கியதைக் காட்டுவான். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடைகளில் மெடல் என்றால் கழுத்துக் கயிற்றில் கோத்துப் போடும் சின்ன வட்டம். மூன்றும் சரிதான். ஆனால் நான் சொல்லப்போவது நான்காவது வகை. கழுத்தில் போட அல்ல, ஜெயித்தவருக்குக் கொடுக்கவும் அல்ல. நடந்த ஒன்றை மறக்கக்கூடாது என்று நினைத்தவர்கள் உலோகத்தில் அடித்து வைத்தது. அதைத்தான் நினைவுப் பதக்கம் என்கிறோம்.

இதை எழுதக் காரணம் என்னிடம் படிக்கும் ஒரு மாணவி. வீட்டு அலமாரியில் கிடந்த வட்டத் தகடு ஒன்றைக் கொண்டு வந்து, “சார், இது எந்த நாட்டுச் சக்கரம்? ஆச்சி சொன்னா இது பழைய பைசான்னு” என்று கேட்டாள். நம் பக்கத்து வயதானவர்கள் காசைச் சக்கரம் என்று சொல்வது திருவிதாங்கூர் காலத்து மிச்சம். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அவள் கொண்டு வந்த தகட்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருந்தது, 1911 என்ற ஆண்டு இருந்தது, முடிசூட்டைப் பற்றிய வார்த்தைகள் இருந்தன. எவ்வளவு மதிப்பு என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அங்கேதான் முதல் பாடம். காசு என்றால் பெரும்பாலும் அதில் மதிப்பு எழுதியிருக்கும். கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். பதக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1995இல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வள்ளுவர் உருவத்தோடு இந்திய அரசு வெளியிட்ட நாணயங்கள் உங்கள் வீட்டு உண்டியலிலும் இருக்கக்கூடும். அவற்றில் ரூபாய் மதிப்பு உண்டு. அதனால் அவை நினைவு நாணயங்கள். அதே வள்ளுவரை அதே அளவில் அடித்து, ரூபாய்க் கணக்கு போடாமல் விட்டால் அது நினைவுப் பதக்கம். நம் நாட்டில் நினைவு நாணயம் என்ற வழக்கம் 1964இல் நேருவின் உருவத்தோடு தொடங்கியது. பதக்கம் அதைவிட மிகப் பழையது. 1430களின் கடைசியில் பிசனெல்லோ என்ற இத்தாலிய ஓவியர் பைசாந்திய மன்னர் ஒருவரின் முகத்தை வார்த்துச் செய்ததைத்தான் இந்தக் கலையின் முதல் படைப்பு என்று சொல்கிறார்கள்.

செய்யும் முறை இரண்டு. உலோகத்தை உருக்கி ஊற்றினால் வார்ப்பு. எஃகு அச்சு இரண்டுக்கு நடுவில் தகட்டை வைத்து அழுத்தினால் அடிப்பு. வார்ப்பில் ஓரங்கள் கொஞ்சம் மழுங்கி, சிறு துளைகள் தெரியும். அடித்ததில் எழுத்து கூர்மையாக நிற்கும். 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் அடித்தவைதான்.

இனி, எப்படிப் படிப்பது?

பூவா தலையா போடும்போது சொல்வோமே, அதுதான் தொடக்கம். தலைப் பக்கத்தில் பெரும்பாலும் அதிகாரத்தில் இருப்பவர் இருப்பார். பூப் பக்கத்தில் நடந்த செய்தி இருக்கும். விளிம்பை ஒட்டிச் சுற்றி ஓடும் எழுத்தைக் கடிகார முள் போகிற திசையில் படிக்க வேண்டும். பின்பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே தேதியோ இடமோ இருக்கும். மிகச் சின்ன எழுத்தில் ஓரமாக இரண்டு மூன்று எழுத்துகள் இருந்தால் அது அச்சு வெட்டியவரின் கையெழுத்து. கடைசியாகப் பதக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். அந்தக் கனத்தில் சில சமயம் பெற்றவர் பெயர் பொறித்திருக்கும். பலரும் பார்க்கத் தவறும் இடம் இதுதான்.

எழுத்து லத்தீனாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஐரோப்பியர்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நினைத்ததை அந்த மொழியில் எழுதி வைத்தார்கள். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்தவர் அவர். கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. அந்தக் கல்லைச் செய்தவர்கள் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பதக்கம் செய்தவர்கள் அப்படி நினைத்தது மிகவும் குறைவு.

கடல் பயணங்களையும் நில ஆய்வுகளையும் நினைவுகூரும் பதக்கங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் இரண்டாவது பயணத்துக்காக 1772இல் அடித்தது. ஒரு பக்கம் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், மறுபக்கம் ரெசல்யூஷன், அட்வென்ச்சர் என்ற இரண்டு கப்பல்கள். மேத்யூ போல்டன் என்ற தொழிலதிபரின் பட்டறையில் சுமார் 2000 பித்தளைப் பதக்கங்கள் செய்தார்கள். வெள்ளியில் கொஞ்சம், தங்கத்தில் இரண்டு. கப்பல் போகும் தீவுகளில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும், பின்னால் யாராவது வந்தால் நாங்கள் முன்பே வந்துவிட்டோம் என்று தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். நியூசிலாந்தில் பிற்காலத்தில் சில கிடைத்தும் இருக்கின்றன.

கோட்டுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: 1772 மார்ச்சில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியது. உண்மையில் கப்பல்கள் கிளம்பியது ஜூலையில். மார்ச்சில் போய்விடுவோம் என்று நம்பி முன்கூட்டியே அச்சு வெட்டிவிட்டார்கள். ஏற்பாடு செய்த ஜோசப் பேங்க்ஸ் கடைசியில் அந்தப் பயணத்துக்கே போகவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த முகூர்த்தம் மாறிப்போனால் திருத்தி ஒட்டலாம். 2000 பித்தளைத் தகட்டை என்ன செய்வது? அப்படியே கொடுத்து அனுப்பினார்கள். பதக்கத்தில் இருக்கும் தேதியை அப்படியே நம்பக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. பதக்கம் சாட்சி இல்லை, அறிவிப்பு.

குக் இறந்த பிறகு, 1784இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் இன்னொரு பதக்கம் வெளியிட்டது. அதன் பின்பக்கத்து லத்தீனுக்கு ‘நம்மவர்கள் முயலாமல் விட்டது எதுவுமில்லை’ என்று பொருள். அந்த ‘நம்மவர்கள்’ என்ற சொல்லில் ஒரு நிமிடம் நில்லுங்கள். குக்குக்குத் தீவுகளைச் சொல்லிக் கொடுத்த பசிபிக் மாலுமிகள் அதற்குள் அடக்கமில்லை.

தென்னிந்தியாவோடு நேரடியாகத் தொடர்புள்ள பதக்கம் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வுப் பயணம் இல்லை, போர். ஆனால் படிக்கக் கற்றுக்கொள்ள அருமையான பாடம். 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்து திப்பு இறந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்தது. இதுவும் போல்டனின் பட்டறையில் செய்ததுதான். படையினர் கைக்கு வந்து சேர 1808 ஆகிவிட்டது. ஒரு பக்கம் சிங்கம் புலியைக் கீழே தள்ளி மேலே ஏறி நிற்கிறது. சிங்கம் பிரிட்டன். புலி திப்புவின் சின்னம் என்று உங்களுக்கே தெரியும். சிங்கத்துக்கு மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்து. மறுபக்கம் கோட்டை மீது படை ஏறுகிறது; வானத்தில் சூரியன் நடு உச்சியில். தாக்குதல் நண்பகல் கழிந்த நேரத்தில் நடந்ததை அப்படிக் காட்டியிருக்கிறார்கள். கீழே பாரசீகத்தில் இடமும் ஹிஜ்ரி ஆண்டும். ஓரத்தில் கியூக்லர் என்ற அச்சுவெட்டியின் கையெழுத்து. இரண்டு அங்குலம்கூட இல்லை, 48 மில்லிமீட்டர் வட்டம்தான். அதற்குள் இவ்வளவும்.

இனி உலோகத்தைப் பாருங்கள். தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த படியில் இருந்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, அப்புறம் வெள்ளி, அப்புறம் வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். ஒரே படம், ஒரே எழுத்து. யார் எந்தப் படியில் நின்றார்கள் என்பதை உலோகமே சொல்லிவிடுகிறது. நூறு ஆண்டு கழித்து 1904இல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் பிரிட்டிஷ் இந்தியப் படை திபெத்துக்குள் போனபோதும் இதுதான் நடந்தது. அந்தப் பதக்கத்தின் பின்பக்கம் லாசாவின் பொட்டாலா அரண்மனை, மலைமேல் அழகாக நிற்கிறது. படைவீரருக்கு வெள்ளி, மூட்டை சுமந்து மலையேறியவருக்கு வெண்கலம். ஆனாலும் சுமைகாரருக்கும் ஒன்று கொடுத்தார்களே என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெண்கலப் பதக்கம் வாங்கிய குடும்பங்கள் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தன.

சரி, நம் ஊருக்கு வருவோம். குமரிமுனையை யாரும் ‘கண்டுபிடிக்க’ வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பே, குமரியில் மக்கள் வந்து நீராடி நோன்பிருப்பதைச் சொல்கிறது. இன்றும் அதே கரையில் அதைத்தான் செய்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் இங்கே செய்தது அளந்தது. அந்த வேலை உண்மையிலேயே பெரியது, அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை 100 அடிச் சங்கிலியால் அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கில் கண்டுபிடித்துவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கணக்குதான். முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக ஒட்டிக்கொண்டே போனால் ஒரு நாட்டையே அளக்கலாம். இப்படி 78ஆம் பாகை தீர்க்கரேகையை ஒட்டி, குமரிமுனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை சுமார் 2,400 கிலோமீட்டர் அளந்தார்கள். அதன் பெயர் பெரும் வில். அதன் தெற்கு முனை, முனைக்கு அருகே, ஆவணங்களில் புன்னை என்று குறித்த இடம். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு விட்டு மோதி நசுங்கியது. லாம்டன் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார். 1823இல் வேலைக்கு நடுவிலேயே ஹிங்கன்காட்டில் இறந்தார், ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற அதிகாரி தொடர்ந்தார், அவருக்குப் பின் ஆண்ட்ரூ வா.

இந்த அளவை வேலைக்குப் பதக்கங்கள் கிடைத்தன. 1857இல் லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியின் தங்கப் பதக்கம் வாவுக்கு. 1877இல் அதே சங்கத்தின் தங்கப் பதக்கம் நைன் சிங்குக்கு. குமாவுன் மலையில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், யாத்ரீகர் வேடத்தில் ஜெபமாலையை உருட்டி அடிகளை எண்ணியே திபெத்தை அளந்தவர். இந்தியர் ஒருவர் பெயர் அந்தப் பட்டியலில் வந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தாருக்கும் நைன் சிங்குக்கும் இந்திய அஞ்சல் துறை 2004இல் தபால்தலை வெளியிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வடக்கே அகத்தியர் மலை. அன்று குமரியும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அந்த மலையுச்சியில், 6,000 அடிக்கு மேலே, காந்த ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். பூமியின் காந்தநடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, இந்தத் தெற்கு முனைக்குப் பக்கத்தில் போவதால் காந்த ஊசியின் நுண்ணிய அசைவை இங்கே கவனிப்பது முக்கியம். கீழே திருவனந்தபுரத்தில் பார்த்த அளவையும் மேலே பார்த்த அளவையும் ஒப்பிட்டார். பல ஆண்டு உழைப்புக்காக 1878இல் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் மெடல் கொடுத்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வா, நைன் சிங், பிரவுன் பெற்றவை பரிசுப் பதக்கங்கள். அச்சு முன்பே இருக்கும். ஆண்டுதோறும் வேறு வேறு ஆளுக்குப் போகும். குக்குக்கு அடித்ததும் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அடித்ததும் அந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே செய்தவை. அச்சையே அதற்காக வெட்டினார்கள். பரிசுப் பதக்கத்தைப் பார்த்தால் பெற்றவரின் மலை தெரியாது, கடல் தெரியாது. பிரவுனின் பதக்கத்தில் அகத்தியர் மலையைத் தேட வேண்டாம், அங்கே இல்லை. நினைவுப் பதக்கத்தில் இடம் இருக்கும், ஆனால் செய்தவர்கள் பார்க்க விரும்பிய கோணத்தில் இருக்கும்.

அந்தக் கோணத்தைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஊர் எப்படி நினைவு வைத்திருக்கிறது என்று பாருங்கள். பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சின் என்ற பொறியாளரை நம்மவர்கள் மூக்கன் துரை என்றார்கள். 1906இல் அணை முடிந்தது. அவர் கல்லறை அணைப்பக்கமே இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் வந்ததால் பெயர் நின்றது, பட்டப்பெயராக நின்றது. அதை எந்த அச்சுவெட்டியும் வெட்டியிருக்க மாட்டார்.

என் வகுப்புப் பிள்ளைகளிடம், பெரும் வில்லுக்கு நாமே ஒரு பதக்கம் செய்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னேன். தாளில் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டார்கள். முன்பக்கத்தில் லாம்டன் முகத்தை வைக்கலாமா வேண்டாமா என்று சண்டை. கடைசியில் சங்கிலியை வைத்தார்கள். பின்பக்கத்துக்கு ஒரு பையன், மலையுச்சியில் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளை வரைந்தான். தூரத்திலிருந்து கருவி வழியாகப் பார்ப்பவர்களுக்குக் குறி வேண்டும். அதற்காகக் காட்டையும் காய்ச்சலையும் தாங்கிக்கொண்டு எத்தனையோ கூலிகள் இப்படிக் குன்றுகளில் நின்றார்கள். சுற்றெழுத்தாக என்ன போடுவது என்று கேட்டேன். “பேரு தெரியாதே சார், ஊரு பேரைப் போடுவோம்” என்றான். ‘புன்னை’ என்று தமிழில் எழுதினான். நான் பார்த்த எந்தப் பதக்கத்தையும்விட அது எனக்குப் பிடித்தது.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் சில காரியங்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைத் தேய்த்துப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான். ஆனால் வெண்கலத்தின் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, அதுவே காப்பு. தேய்த்தால் முகத்தின் நுட்பமும் போகும், மதிப்பும் போகும். பச்சையாகப் பொடிப்பொடியாக உதிரும் களிம்பு மட்டும் ஆபத்து. அதற்கு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், முகத்தைத் தொட வேண்டாம். கடற்கரை வீடுகளில் உப்புக் காற்று வெள்ளியைச் சீக்கிரம் கறுக்கச் செய்யும், பிளாஸ்டிக் உறையைவிட நல்ல காகித உறை மேல். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் லேசாக உரசினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எழும்பி வரும். ஆனால் தேய்ந்துபோன பழம்பொருளில் அழுத்தக்கூடாது. அதைவிட, பக்கவாட்டு வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுப்பது நல்லது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க. நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

அந்த மாணவியின் தகட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆச்சியிடம் திரும்பப் போய் யார் கொண்டு வந்தது என்று கேட்கச் சொன்னேன். ஆச்சியின் அப்பா சின்னப் பையனாகப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி மிட்டாயும் இதுவும் கொடுத்தார்களாம். மிட்டாயைத் தின்றுவிட்டு இதை வீட்டுக்குக் கொண்டு வந்தாராம். அவள் ஒரு அட்டையில் அவர் பெயர், ஊர், பள்ளிக்கூடம், மிட்டாய் எல்லாவற்றையும் எழுதித் தகட்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.